முத்துமாரியம்மன் ஆகுடியிருப்பு

பதுளை ஸ்டேஷன் வீதியில், ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் ஒரு வீடமைப்புத் திட்டத்தின் கந்தோர், அதாவது அலுவலகம், இருந்தது. வெளிநாட்டுக் காசில் நடந்த திட்டம். வெள்ளைக்காரன் காலத்தில் தோட்டத் தொழிலாளிகளுக்கென்று வரிசையாக ஒட்டிக் கட்டிவிட்ட ஒற்றை அறைக் காம்பராக்களைத்தான் லயம் என்பார்கள். அந்த லயங்களுக்குப் புதுத்தகரம் போடுவதும், இடம் கிடைத்தால் அவற்றை உடைத்துத் தனித்தனி வீடு கட்டிக் கொடுப்பதும் திட்டத்தின் வேலை. புதிதாகக் கட்டிய வீடுகளுக்குக் கந்தோர்க்காரர்கள் 'குடியிருப்பு' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அந்தக் கந்தோரில் புரோகிராம் எழுதத் தெரிந்த ஒரே ஆள் ஜிப்னா. பசாரில் புடவைக்கடை வைத்திருக்கும் புஹாரியின் மூத்த மகள். கண்டியில் படித்துவிட்டு வந்தவள். வெளிக்கள அலுவலர்கள் தோட்டம் தோட்டமாகப் போய் எழுதிக்கொண்டு வந்த குறிப்புகளை எல்லாம் தேடி எடுக்கும்படி ஒரு புரோகிராம் செய்து வைத்திருந்தாள். நமுனுகுல என்று தட்டினால் நமுனுகுலப் பக்கத்துத் தோட்டங்கள் வரும். ஒழுகும் கூரை என்று தட்டினால், ஐயோ, திரை நிறைய வந்துகொண்டே இருக்கும்.

2004-இல், மழைக்காலத்துக்குக் கொஞ்சம் முந்தி, அந்தக் குறிப்புகளைப் புத்தகமாக அடித்து விழா வைத்து வெளியிட ஏற்பாடானது. அச்சுக்குப் போகிற வாரத்தில் பிரதிப் பணிப்பாளர் கனகசபை ஜிப்னாவைக் கூப்பிட்டார். யாழ்ப்பாணத்து மனுசர், மலைநாட்டில் உத்தியோகம் பார்த்தே தலை நரைத்தவர்.

"பிள்ளை, கொழும்பில இருந்து போன் வந்தது. லயம் எண்ட சொல் புத்தகத்தில இருக்கப்படாதாம். இழிவான சொல்லாம். எல்லா இடத்திலயும் குடியிருப்பு எண்டு மாத்திவிடும். கொம்பியூட்டரிலயும் மாத்தவேணும், புத்தகத்திலயும் மாத்தவேணும்."

ஜிப்னாவுக்கு அது தப்பாகப் படவில்லை. அவளோடு பள்ளிக்கூடத்தில் படித்த தோட்டத்துப் பிள்ளைகளை 'லயத்துப் புள்ளைகள்' என்று மற்றவர்கள் மூக்கைச் சுளித்துச் சொன்னதை அவள் கேட்டிருக்கிறாள். சொல் ஒழிந்தால் நல்லதுதானே என்று நினைத்தாள். அவளுக்கு வேறொரு கவலைதான் வந்தது.

"செய்யலாம் சேர். ஆனா சும்மா தேடி மாத்த ஏலாது. லயம்ங்கிற எழுத்து வேற சொல்லுக்குள்ளயும் ஒளிஞ்சிருக்கு. ஆலயம், வித்தியாலயம், காரியாலயம்... எல்லாத்துலயும் வாலில லயம் இருக்கு. கம்பியூட்டருக்கு எழுத்துதான் தெரியும், சொல் தெரியாது. லயத்துக்கு முன்னால வேற எழுத்து ஒட்டியிருக்கான்னு பார்த்துப் பார்த்து மாத்துற மாதிரி எழுதணும். ரெண்டு நாள் தாங்க."

"ஒரு சொல்லை மாத்த ரெண்டு நாளோ?"

"சொல்லை மாத்த ஒரு நிமிசம் போதும் சேர். மத்தச் சொல்லைக் காப்பாத்தத்தான் ரெண்டு நாள்."

கனகசபை தலையை ஆட்டினார். சம்மதம் என்று அவள் எடுத்துக்கொண்டாள். மறுநாள் பண்டாரவளையில் மச்சியின் கல்யாணம். லீவு முன்னமே எழுதிக் கொடுத்தது, போய்விட்டாள். திரும்பி வந்து எழுதிக் கொடுப்பதாகச் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

அவள் வர முந்தியே வேலை முடிந்திருந்தது. கனகசபையின் உதவியாளர் ரஜீவ், மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, தேடு, மாற்று, எல்லாவற்றையும் மாற்று என்று அமுக்கியிருந்தார். சும்மா சொல்லக்கூடாது, கெட்டிக்காரர். லயம், லயத்தில், லயங்கள் என்று ஒவ்வொரு வடிவத்தையும் நினைவாகத் தேடி, குடியிருப்பு, குடியிருப்பில், குடியிருப்புகள் என்று மாற்றியிருந்தார். அச்சுப் பிரதியில் மட்டுமில்லை, ஜிப்னாவின் புரோகிராமுக்குள் இருந்த மூலக் குறிப்புகளிலும் கை வைத்திருந்தார். புத்தகம் அச்சுக்கூடத்தில் சூடாக வெந்துகொண்டிருந்தது.

"பாத்தீங்களா சேர் என்னா வந்திருக்கும்னு?" என்று அவள் கேட்டாள்.

"ஒண்டும் வராது. ரஜீவ் வாசிச்சவர்" என்றார் கனகசபை.

ரஜீவ் முதல் பக்கம் கூட வாசிக்கவில்லை என்பது விழா மண்டபத்தில் தெரிந்தது.

மண்டபம் நிறைய ஆட்கள். மேடையில் பெரிய மனிதர்கள், மாலைகள், குத்துவிளக்கு. ஒவ்வொரு தோட்டத்திலிருந்தும் ஒருவரை வரவழைத்து, அவரவர் தோட்டத்துப் பக்கத்தை வாசிக்கச் சொல்லியிருந்தார்கள். லுணுகலைக்கு மேலே வெள்ளப்பாறைத் தோட்டத்திலிருந்து கோயில் தலைவர் அழகர் வந்திருந்தார். வெள்ளை வேட்டி, கழுத்தில் துண்டு. மைக்குக்கு முன்னால் நின்று கம்பீரமாகத்தான் தொடங்கினார்.

"எங்கள் தோட்டத்தின் நடுவே அருள்பாலிக்கும் ஸ்ரீ முத்துமாரியம்மன் ஆகு... ஆகுடி..." நின்றார். புத்தகத்தைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனார். "ஆகுடியிருப்பு. அதனருகே உள்ள தமிழ் வித்தியாகுடியிருப்பு..."

முன்வரிசையில் ஒருவர் சிரித்தார். அப்புறம் மண்டபமே சிரித்தது. எல்லோரும் கையிலிருந்த புத்தகத்தைப் புரட்டினார்கள். அட்டைக்கு அடுத்த பக்கத்திலேயே 'வீடமைப்புத் திட்டக் காரியாகுடியிருப்பு, பதுளை' என்று கொட்டை எழுத்தில் கிடந்தது. சிரிப்பு கூரையைத் தூக்கிற்று. அழகர் மட்டும் சிரிக்கவில்லை. தன் அம்மனை யாரோ நடுச்சபையில் கேலி செய்துவிட்டார்கள் என்ற மாதிரி முகம் இறுகி நின்றார்.

கனகசபை ஓடிவந்து மைக்கைப் பிடித்தார்.

"பெரியோர்கள் மன்னிக்க வேணும். எங்கட கொம்பியூட்டர் வேலை செய்யிற பிள்ளை ஒரு முஸ்லிம் பிள்ளை. கோயில், ஆலயம் எண்ட சொல்லெல்லாம் அவவுக்குப் பழக்கமில்லை. அதில வந்த பிழை."

கடைசி வரிசையில் இருந்த ஜிப்னாவின் முக்காட்டை நோக்கி அத்தனை தலையும் திரும்பிற்று. சிலர் இரக்கப்பட்ட மாதிரிச் சிரித்தார்கள். ஒரு மனிசி பக்கத்து மனிசியிடம், "பாவம், அதுகளுக்கு என்னா தெரியும்" என்றது அவள் காதில் நேராக விழுந்தது.

உடம்பெல்லாம் தீப்பிடித்த மாதிரி இருந்தது ஜிப்னாவுக்கு. பரீட்சையில் பள்ளிக்கூடத்திலேயே தமிழுக்கு அதிகப் புள்ளி எடுத்தவள் அவள். பிழை வரும் என்று சொன்னதும் அவள். கையே வைக்காத வேலைக்கு அவளைப் பிடித்து, அதுவும் அவள் பிறந்த சாதி சனத்தைச் சொல்லி, ஊர் முன்னால் நிறுத்திவிட்டார் மனுசர். எழுந்து கத்தியிருப்பாள். அதற்குள் மேடையில் நாதஸ்வரம் தொடங்கிவிட்டது.

மறுநாள் காலையில் கந்தோர்க் கதவைத் திறந்த கையோடு போய் நின்றாள்.

"நான் செஞ்ச பிழையா சேர் அது?"

"கோவப்படாதேயும். அந்த நேரத்தில ஏதாவது சொல்லத்தானே வேணும்."

"ஏதாவது சொல்றதுன்னா ரஜீவ் பேரைச் சொல்லியிருக்கலாமே. என் மார்க்கம் எதுக்கு நடுவுல வந்துச்சு?"

"நீர் நேரத்துக்குச் செய்து தந்திருந்தால் இவ்வளவும் வந்திருக்காது" என்றார் அவர், காகிதங்களை அடுக்கிக்கொண்டே. "சரி, நடந்தது நடந்துபோச்சு. இரண்டாம் பதிப்பு அடிக்கச் சொல்லிப்போட்டினம். இந்த முறை நீர் சொன்ன மாதிரியே ஒழுங்காச் செய்து தாரும்."

வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டு வெளியே வந்தாள். செய்து காட்டினால்தான் யார் தமிழ் தெரியாதவர் என்று இவர்களுக்குப் புரியும் என்று வைராக்கியம் பிடித்தது.

கந்தோர்க் கம்பியூட்டரில் மூலக் குறிப்புகள் கெட்டுப்போயிருந்தன. ஆனால் ஒரு பிரதியைக் கந்தோருக்கு வெளியே வைக்க வேண்டும் என்று அவளே கேட்டு, கனகசபை கையெழுத்துப் போட்டு, மாதாமாதம் ஒரு சீடீ வீட்டில் வைத்திருந்தாள். அதை எடுத்து, புடவைக்கடை மாடியில் இருந்த வீட்டில் தன் சொந்தக் கம்பியூட்டரில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

இதற்கென்று அவள் எழுதியது நல்ல புரோகிராம். ஒவ்வொரு வரியையும் சொல் சொல்லாகப் பிரித்தது. சொல் லயத்தில் தொடங்கினால் மட்டும் மாற்றியது. முன்னால் 'ஆ'வோ 'யா'வோ ஒட்டியிருந்தால் தொடாமல் விட்டது. லயத்தின், லயத்துக்கு, லயத்தோரம், லயமும் என்று வேற்றுமை ஏறிய வடிவம் எல்லாவற்றுக்கும் சரியான சோடி வைத்தாள். ஓடவிட்டுப் பார்த்தபோது ஆலயம் ஆலயமாக இருந்தது, வித்தியாலயம் வித்தியாலயமாக இருந்தது. லயம் என்ற சொல் தடமே இல்லை. வெட்டிய இடம், ஒட்டிய இடம் எதுவும் தெரியவில்லை. முதலிலிருந்தே அப்படித்தான் எழுதப்பட்டிருந்தது போல வரிகள் வழுக்கிக்கொண்டு ஓடின. கோபத்துக்கு நடுவிலும் அவளுக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

மாற்றிய பிரதியை ஒரு புதுச் சீடீயில் எடுத்துக்கொண்டு கந்தோருக்குப் போன அன்று, படியில் அழகர் நின்றார். கூட ஒரு பெண். நாற்பது வயதிருக்கும், கொழுந்து கிள்ளிக் கறுத்த விரல்கள். கையில் அந்தப் புத்தகம்.

ஜிப்னா முந்திக்கொண்டாள். "கோயில் விசயம்தானேங்க? சரியாக்கிட்டேன். அது நான் செஞ்ச பிழையே இல்ல, தெரியுமா..."

"கோயில் கெடக்கட்டும் மிஸ்" என்றாள் அந்தப் பெண். "எம்பேரு லெட்சுமி. வெள்ளப்பாற, கீழ்ப்பிரிவு. எங்க லயத்தக் காணோம்."

"காணோம்னா?"

லெட்சுமி புத்தகத்தை விரித்து நீட்டினாள். "நேத்து தோட்டத்து மேனேஜர் தொரகிட்ட தகரம் கேட்டுப் போனோம். மழ வரப்போவுது, கூரையில வானம் தெரியுது. தொர இந்தப் பொத்தகத்த எடுத்து எங்க மூஞ்சிக்கு முன்னாடி நீட்டுனாரு. 'திட்டத்துக்காரங்க லயத்துக்குத்தான் தகரம் குடுப்பாங்க. இதுல பாரு, வெள்ளப்பாறையில லயமே இல்ல, எல்லாரும் குடியிருப்புல இருக்கீங்க'ன்னாரு. எனக்கு ஒண்ணும் வெளங்கல மிஸ். குடியிருப்புன்னு எழுதிட்டா மழ ஒழுகாதா?"

அழகர் மெல்லச் சொன்னார். "அந்தக் காயிதத்துல அம்மன் பேரு கெட்டதுன்னு நான் ஆத்திரப்பட்டேன். இவதான் அடுத்த வரியப் படிச்சா."

ஜிப்னா புத்தகத்தை வாங்கி வாசித்தாள். 'கீழ்ப்பிரிவின் குடும்பங்கள் அனைத்தும் குடியிருப்புகளில் வசிக்கின்றன.' அடுத்த பக்கம், மேல்பிரிவு. அங்கே திட்டம் உண்மையிலேயே சில வீடு கட்டிக் கொடுத்திருந்தது. அதுவும் குடியிருப்புகள். எது பழைய காம்பரா, எது புதுவீடு என்று அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு அல்லாஹ்வைத் தவிர யாரும் சொல்ல முடியாது. இரண்டு சொல் இருந்த இடத்தில் ஒரு சொல் நின்றது.

அவள் கையில் இருந்த புதுப்பிரதியிலும் அதே வரிதான். கோயிலையும் பள்ளிக்கூடத்தையும் சரியாக்கியதைத் தவிர அவள் வேறென்ன செய்தாள்? 'ஆகுடியிருப்பு' இருந்ததால்தான் ஊர் சிரித்தது. சிரித்ததால்தான் நாலு பேர் அந்தப் பக்கத்தை விரித்தார்கள். அவளுடைய பிரதி வெளிவந்தால் யாரும் எங்கேயும் தடுக்கி விழப்போவதில்லை. லெட்சுமியின் லயம் சத்தமில்லாமல் ஒழிந்துபோகும். எழுத்தை எல்லாம் யோசித்தவள் அர்த்தத்தை யோசிக்கவில்லையே என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது. அதைவிடப் பத்து மடங்கு எரிச்சலோடு கனகசபையின் அறைக்குள் போனாள்.

"சேர், இழிவுன்னு சொல்லித்தானே மாத்தச் சொன்னீங்க?"

"ஓம். அதுக்கென்ன?"

"புத்தகத்துல இந்த ஊவா மாகாணத்துலயே ஒரு லயம் கூட இல்ல. எல்லாரும் புதுவீட்டுல இருக்கிற மாதிரி வருது. காசு குடுத்தவங்க அப்பிடித்தான் எண்ணுவாங்க. உங்களுக்கு இது தெரியுமா, தெரியாதா?"

கனகசபை கண்ணாடியைக் கழற்றினார்.

"பிள்ளை, திட்டம் இந்த வருசத்தோட முடியுது. முடிச்சுக்காட்ட வேணும் எண்டு மேலிடம் நிக்குது. நான் என்ன செய்ய? சொல் மாறினால் சனத்துக்கும் ஒரு மரியாதைதானே."

"மரியாதை கொடுக்கிறதுன்னா வீட்டை மாத்துங்க சேர். வீட்டை மாத்தாம சொல்லை மாத்துறதுக்குப் பேரு மரியாதை இல்ல."

"அந்தப் புதுச் சீடீயை வைச்சிட்டுப் போம்."

"தரமாட்டேன். இந்தப் புரோகிராம் என் வீட்டுல, என் கம்பியூட்டர்ல எழுதினது. பழைய குறிப்புகள் உங்களோட சொத்து. அதை அப்பிடியே அச்சடிக்கிறதுன்னா இப்பவே தாறேன். லயத்தை லயம்னு போடணும்."

"பழசு ஆருக்கு வேணும்? குப்பையில போடும்" என்றார் கனகசபை. குரல் உயர்ந்துவிட்டது. "சொன்னதைச் செய்ய ஏலாட்டி வீட்டில இருக்கலாம்."

"இருக்கேன்" என்றாள் ஜிப்னா.

கீழே இறங்கினாள். படியில் காத்திருந்த லெட்சுமியிடம் நடந்ததைச் சொன்னாள். லெட்சுமி, "எங்களால உங்க வேல போச்சே மிஸ்" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்களால இல்ல" என்றாள் ஜிப்னா. பழைய சீடீயிலிருந்து வெள்ளப்பாறைக் குறிப்பை மட்டும் எடுத்துக் கடையில் அச்சடித்து அவர்களிடம் கொடுத்தாள். அதைத் துரை ஏற்றுக்கொள்ளவில்லை. அச்சடித்த புத்தகம் இருக்கும்போது ஒற்றைத்தாளுக்கு என்ன மதிப்பு என்று கேட்டாராம்.

இரண்டாம் பதிப்பு ரஜீவின் தலையில் விழுந்தது. அவருக்குக் கோயில் பிழை மட்டும் தீர்ந்தால் போதும். சுலபமான வழி கண்டுபிடித்தார்: போன தடவை செய்ததைத் தலைகீழாகச் செய்தார். குடியிருப்பு என்று இருந்ததை எல்லாம் தேடி லயம் என்று மாற்றினார். ஆகுடியிருப்பு ஆலயமானது, வித்தியாகுடியிருப்பு வித்தியாலயமானது. கொழும்பு வேண்டாமென்ற சொல் திரும்ப வந்துவிட்டதே என்று அவருக்குப் படவில்லையோ, பட்டும் கோயில்காரர் கோபத்துக்குப் பயந்தாரோ தெரியாது. புத்தகம் வெளிவந்தது.

இப்போது திட்டம் கட்டிய புதுவீடுகளும் லயமாகிவிட்டன. அந்தப் புத்தகத்தின்படி, இத்தனை வருசமும் அத்தனை காசும் செலவழித்துத் திட்டம் புதுசு புதுசாக லயம் கட்டியிருந்தது. அதோடு நின்றதா? தோட்டத்துக் கிளாக்கர்மாரும் கணக்கப்பிள்ளைமாரும் இருக்கும் பங்களா வீடுகளை முதலிலிருந்தே 'உத்தியோகத்தர் குடியிருப்பு' என்றுதான் எழுதியிருந்தார்கள். அது 'உத்தியோகத்தர் லயம்' ஆயிற்று. எங்களை லயத்தில் வைத்துவிட்டார்களே என்று உத்தியோகத்தர்கள் கொதித்தார்கள். வேன் பிடித்துக்கொண்டு பதுளைக்கு வந்து கந்தோர் வாசலை மறித்தார்கள். பத்திரிகையில் படத்தோடு வந்தது. கொழும்பிலிருந்து அன்றைக்கே ஆள் வந்தது. காசு கொடுத்தவர்களும் கணக்குக் கேட்டார்கள்.

செய்தியைப் படித்த ஜிப்னா, தகப்பன் புஹாரியின் முன்னால் பத்திரிகையைக் கசக்கி எறிந்தாள். "பாருங்க வாப்பா. லயத்துல இருக்கிறவ லயத்தைக் காணோம்னு நடையா நடந்தா, ஒருத்தரும் திரும்பிப் பார்க்கல. பங்களாக்காரரை லயம்னு ஒரு சொல் சொன்னதுக்கு நாடே கலங்குது."

அந்த வாரமே கனகசபை புடவைக்கடைக்கு வந்தார். கடையில் ஆட்கள் நின்றார்கள். புஹாரி எழுந்து கதிரை போட்டு, "சேருக்கு ஒரு டீ எடுங்க" என்றார். கனகசபை உட்காரவில்லை.

"பிள்ளை, அந்தப் பழைய சீடீ இருக்குதோ?"

"குப்பையில போடச் சொன்னீங்களே."

"போட்டிட்டீரோ?" மனுசரின் முகம் வெளிறிற்று.

"போடல. ஆனா ரெண்டு விசயம். குறிப்பு எப்பிடி எழுதியிருந்துச்சோ அப்பிடியே அச்சாகணும். ஒரு எழுத்து மாத்தக்கூடாது."

"இனி மாத்த விடமாட்டினம். கொழும்பிலயே உள்ளதை உள்ளபடி போடச் சொல்லிப்போட்டாங்கள். மற்றது?"

"விழாவுல மைக்கில என்னைப் பத்திச் சொன்னது பொய்னு பத்திரிகைக்கு எழுதிக் குடுக்கணும்."

"அதெல்லாம் பெரிய கதையாப் போயிடும். எனக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் சேர்விஸ்." அவர் சுற்றிப் பார்த்தார். துணி பார்த்துக்கொண்டிருந்தவர்கள் துணியை விட்டுவிட்டு அவரைப் பார்த்தார்கள். "பிள்ளை பிழை விடேல்லை" என்றார் அடங்கின குரலில்.

"கேட்கல சேர். மைக்கில இதைவிடச் சத்தமாச் சொன்னீங்க."

"ஜிப்னா!" என்றார் புஹாரி.

"நீங்க சும்மா இருங்க வாப்பா."

"பிள்ளை பிழை விடேல்லை. அது எங்கட கந்தோர் செய்த பிழை" என்று கனகசபை உரக்கச் சொன்னார். சொல்லிவிட்டு, "இந்தச் சின்ன விசயத்துக்கு இவ்வளவு கோவமோ?" என்றும் சேர்த்துக்கொண்டார். வந்த டீயைத் தொடவில்லை.

ஜிப்னா சீடீயைக் கொண்டுவந்து கண்ணாடிப் பெட்டிமேல் வைத்தாள். "இது உங்களுக்காக இல்ல" என்று மட்டும் சொன்னாள்.

மூன்றாம் பதிப்பு சரியாக வந்தது. லயம் லயமாக, ஆலயம் ஆலயமாக, புதுவீடு குடியிருப்பாக. கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லியிருந்தவர்களில் ரஜீவ் பெயர் இருந்தது, அவள் பெயர் இல்லை. அதைப் பார்த்துவிட்டு உட்கார்ந்து, நடந்ததை முழுக்கத் தன் பெயரும் ஊரும் போட்டுப் பத்திரிகைக்கு எழுதினாள். பாதியை வெட்டிப் போட்டார்கள். மைக்கில் சொன்னது பொய் என்ற பகுதி மட்டும் வெட்டுப்படாமல் வந்தது.

மழை தொடங்கி வெகுநாள் கழித்து, லுணுகலையிலிருந்து ஒரு டெலிபோன் கடைக்காரர் கோல் எடுத்துக் கொடுத்தார். மறுமுனையில் லெட்சுமி.

"தகரம் வந்துருச்சு மிஸ். லாரியில எறக்கிட்டாங்க."

"அல்ஹம்துலில்லாஹ். எல்லாக் காம்பராவுக்கும் வந்துச்சா?"

"இல்லீங்க. பாதி லயத்துக்குத்தான் பத்தும். மிச்சம் அடுத்த வருசம் பாக்கலாம்னு தொர சொல்றாரு. பொத்தகத்துல பூராவும் இருக்கேன்னு கேட்டா, பொத்தகத்தப் போட்டா கூரை மேயுறதுன்னு கேக்குறாரு."

"என்ன செய்யப் போறீங்க?"

"நாளைக்கு வேலைக்குப் பேர் குடுக்குற பெரட்டுக்கு யாரும் போறதா இல்ல. எல்லாரும் ஆபீசு வாசல்ல ஒக்காரப்போறோம்."

ஜிப்னா வாப்பாவைப் பார்த்தாள். அவர் மீற்றர்கோலை வைத்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலையில லுணுகலைக்கு மொத பஸ் எத்தனை மணிக்கு வாப்பா?" என்று கேட்டாள்.